வரி முடிவில் பிரியக் கூடாத சொற்கள்

சில மாதங்களுக்கு முன் குந்தாரப்பள்ளியிலிருந்து நமக்கு ஒரு திருமண அழைப்பிதழ் வந்தது. மணமகனின் தந்தை பெயர் அப்துர் ரஹ்மான். அப்பெயரின் முற்பாதி ஒரு வரியின் கடைசியிலும், பிற்பாதி அடுத்த வரியின் தொடக்கத்திலும் விழுந்திருந்தது. இரண்டாவது வரியை மட்டும் பார்ப்பவர் கண்ணில் படுவது "ரஹ்மானின் மகன்" என்பதே. மஆதல்லாஹ்! அச்சுக் கோத்த இளைஞரிடம் விசாரித்தோம். "கம்ப்யூட்டர் தானா மடக்கிடுச்சு, ஹஜ்ரத்" என்றார். அவர் கூறியது உண்மைதான். எனினும், இவ்வாறு மடங்குவதைப் பற்றி நம் முன்னோர் கணினிக்கு எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே எச்சரித்துள்ளனர் என்பதை அவர் அறிந்திருக்க நியாயமில்லை.

டமாஸ்கஸின் அஷ்ரஃபிய்யா தாருல் ஹதீஸில் ஆசிரியராக இருந்து ஹிஜ்ரி 643இல் (கி.பி. 1245) மறைந்த இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்களின் "உலூமுல் ஹதீஸ்" நூல் "முகத்திமா" என்ற பெயரில் நம் மதரஸாக்களில் அறிமுகமானது. அதில் ஹதீஸை எழுதும் ஒழுங்கு பற்றிய பகுதியில், அப்துல்லாஹ் இப்னு இன்னார் என்பது போன்ற பெயரில் "அப்து" என்பதை ஒரு வரியின் இறுதியில் விட்டு, எஞ்சியதை அடுத்த வரியில் தொடங்குவதை இமாமவர்கள் மக்ரூஹ் என்கிறார்கள். "ரஸூல்" என்ற சொல்லை "அல்லாஹ்" என்ற திருநாமத்திலிருந்து வரிமாற்றிப் பிரிப்பதும் அவ்வாறே. ஹிஜ்ரி 463இல் மறைந்த கத்தீபுல் பக்தாதீ (ரஹ்) அவர்களும் இதனை முன்னரே வலியுறுத்தியிருக்கிறார்கள். பிற்கால ஆசிரியர்கள் காட்டும் உதாரணம் இன்னும் கூர்மையானது. "இப்னு ஸஃபிய்யாவைக் கொன்றவன் நரகில்" என்ற பொருளுடைய அரபுத் தொடரில் "காத்தில்" என்ற சொல் முதலில் வரும். அதனை வரி முடிவில் விட்டுவிட்டால் அடுத்த வரி, "இப்னு ஸஃபிய்யா நரகில்" என்றாகிவிடும். இப்னு ஸஃபிய்யா என்பது நபி (ஸல்) அவர்களின் அத்தை மகனான ஸுபைர் (ரலி) அவர்கள்!

அன்று எழுத்தர் தம் கையால் வரியை முடித்தார். எங்கே நிறுத்துவது என்ற விழிப்பு அவரிடம் இருந்தது. இன்று அம்முடிவைக் கணினி எடுக்கிறது; அதற்குப் பொருள் தெரியாது, இடைவெளி மட்டுமே தெரியும். கணினிக்கு ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண். வெற்றிடத்திற்கும் எண் உண்டு என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். நாம் நாள்தோறும் தட்டும் இடைவெளி 32ஆம் எண். அங்கே வரியை மடக்கலாம் என்பது கணினிக்குள்ள அனுமதி. யூனிகோடில் 160ஆம் எண்ணில் இன்னோர் இடைவெளி உள்ளது. தோற்றத்தில் வேற்றுமை இராது. ஆனால் அவ்விடத்தில் வரி மடங்காது. இதனைப் பிரியா இடைவெளி எனலாம். வேர்டு மென்பொருளில் கண்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் இது விழும். "அப்துர்" என்பதற்கும் "ரஹ்மான்" என்பதற்கும் நடுவே இதனை இட்டிருந்தால் பெயர் முழுவதும் ஒரே வரிக்கு நகர்ந்திருக்கும். "நபி (ஸல்)", "ஹி. 643" போன்றவற்றிற்கும் இது பொருந்தும். ஆர்வமிகுதியால் எல்லா இடங்களிலும் இட்டால் வரிகளுக்கிடையே பள்ளங்கள் விழுந்து பக்கம் அவலட்சணமாகிவிடும்.

கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு வேறாகவும் இருப்பதில் ஒரு தொல்லையும் உண்டு. 32ஐ இட்டுத் தேடினால், 160ஐக் கொண்ட பெயரைச் சில மென்பொருள்கள் கண்டுபிடிப்பதில்லை. இதைவிடப் பெரிய இடர் எழுத்துக்களிலேயே உள்ளது; நம் கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டாரத்தில் அது அன்றாட நிகழ்ச்சி. இங்கே முஸ்லிம்களில் பலர் வீட்டில் உருது பேசி, பள்ளியில் தமிழ் கற்று, மதரஸாவில் அரபு பயில்பவர்கள். கணினியில் உருது விசைப்பலகையை வைத்துக்கொண்டே அரபையும் தட்டச்சு செய்துவிடுகிறார்கள். அரபு "யா" 1610ஆம் எண். உருது "யே" 1740ஆம் எண். சொல்லின் நடுவில் இரண்டும் ஒரே வடிவில், கீழே இரு புள்ளிகளுடன் தோன்றும். "காஃப்" எழுத்தும் அவ்வாறே: அரபில் 1603, உருதுவில் 1705.

நம் மாணவர் ஒருவர், ஸைனப் என்ற பெயருள்ள அறிவிப்பாளரை ஒரு மின்னூலில் தேடிவிட்டு, "இந்நூலில் இவர் இல்லை" என்று கட்டுரையில் எழுதிவிட்டார். அச்சு நூலைப் புரட்டியபோது பெயர் இருந்தது. அவர் தட்டியது உருது "யே". சில மென்பொருள்கள் இவ்வேற்றுமையைத் தாமே களைந்து தேடுகின்றன. பல அவ்வாறு செய்வதில்லை. ஹதீஸ் கலையில் "இல்லை" என்று சொல்வது எத்தனை கனமான வார்த்தை என்பதை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

தமிழிலும் இத்தகைய சிக்கல் உண்டு. நக்ஷபந்தி என்ற தரீக்காப் பெயரில் காஃபும் ஷீனும் தனித்தனி எழுத்துக்கள். தமிழில் தட்டினால் அவை கூட்டெழுத்தாக ஒட்டிக்கொள்கின்றன. நடுவில் 8204ஆம் எண்ணுள்ள, அகலமே இல்லாத பிரிப்புக் குறியை இட்டால் நக்‌ஷபந்தி எனப் பிரிந்து நிற்கும். அக்குறி அச்சில் தெரியாது. தேடும்போது மட்டும் குறுக்கே நிற்கும்.

ஸலவாத்தின் நிலை வேறு. முழு ஸலவாத்தும் ஒரே குறியாக 65018ஆம் எண்ணில் யூனிகோடில் உள்ளது. ரஹிமஹுல்லாஹ், ரலியல்லாஹு அன்ஹு போன்றவற்றிற்கும் 2021இல் தனிக்குறிகள் வந்துவிட்டன. ஆனால் எழுத்துருவில் அக்குறி இல்லையெனில் நபிகளாரின் பெயருக்குப் பின் ஒரு வெற்றுக் கட்டம் நிற்கும். சில மென்பொருள்கள் 65018ஐப் பிரித்து 18 குறிகளாக விரித்துவிடுகின்றன. அவற்றுள் மூன்று சாதாரண இடைவெளிகள். மீண்டும் வரி மடங்கும் கவலை! ஸலவாத்தை ஓரிரு எழுத்துக்களாகச் சுருக்குவதையும் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) குறையாகவே கருதினார்கள். நாமோ தமிழில் அடைப்புக்குறிக்குள் "ஸல்" என்று பழகிவிட்டோம். இக்கட்டுரையிலும் அவ்வாறே செய்திருக்கிறோம்.

ஓசூர் சாலையிலுள்ள அந்த இளைஞரின் அச்சகத்தில் நம் கல்லூரி விழா அறிக்கை அண்மையில் தயாரானது. பெயர்கள் எதுவும் பிரியவில்லை. ஸலவாத்துக் குறி மட்டும் இரண்டு இடங்களில் கட்டமாக வந்திருந்தது. எழுத்துருவை மாற்றி மறுபடி எடுத்தார்.