விருந்தாளி எழுதிய கார்டு

1961-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். ஆப்பிரிக்காவிலே நைஜீரியா நாடு விடுதலை பெற்று ஓராண்டு முடிந்து இரண்டு வாரந்தான் ஆகியிருந்தது. இபதான் நகரத்துப் பல்கலைக்கழகக் கல்லூரி வளாகத்திலே ஒரு தபால் கார்டு கேட்பாரற்றுக் கிடந்தது.

அமெரிக்காவிலிருந்து தொண்டு புரிய வந்திருந்த ஓர் இளம்பெண் தன் நாட்டு நண்பருக்கு எழுதிய கார்டு அது. தபாலில் சேருமுன் தவறி விழுந்துவிட்டது. கண்டெடுத்தவர் நைஜீரிய மாணவர். படித்தார், பதைத்தார்! இவ்வூரார் தெருவிலே வாழ்கிறார்கள், தெருவிலே சமைக்கிறார்கள், தெருவிலே விற்கிறார்கள், மலஜலம் கழிப்பதும் தெருவிலேதான் என்று எழுதியிருந்தது அதிலே.

அவ்வளவுதான். கார்டுக்குப் பிரதிகள் எடுக்கப்பட்டன. கை கையாய்ப் பரவின. மாணவர்கள் கூடினர், கண்டனத் தீர்மானம் போட்டனர், "வந்தவர்கள் வெளியேறட்டும்" என்று முழங்கினர். அந்தப் பெண் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஊர் திரும்ப நேர்ந்தது.

அந்தப் பெண் கொடியவள் என்று நாம் கூறமாட்டோம். வயது இருபத்து மூன்று. கல்லூரியை விட்டு அப்போதுதான் வெளியே வந்தவள். கென்னடி அந்த ஆண்டு மார்ச் முதல் நாள் உத்தரவு போட்டுத் துவக்கிய 'அமைதிப் படை'யிலே சேர்ந்து, கடல் கடந்து வந்து பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தவள். மாஸ்கோவோடு மல்லுக்கு நின்ற வாஷிங்டனுக்கு அந்தப் படையால் ஆகவேண்டிய காரியங்கள் வேறு இருந்தன என்பதை நாம் அறிவோம். ஆனால் அந்தப் பெண் மனத்திலே இருந்தது நல்லெண்ணந்தான். எழுதியதும் முழுப் பொய்யல்ல. பின் ஏன் அத்தனை கொதிப்பு?

விருந்துக்கு வந்தவர் உண்டு முடித்து, திண்ணையிலே அமர்ந்து, "இந்த வீட்டு அடுப்படி இருக்கிறதே..." என்று துவங்கினால், வீட்டுக்காரருக்கு எப்படி இருக்கும்? அடுப்படி கரிபிடித்தது என்பது அவருக்குத் தெரியாதா? எத்தனை தலைமுறை யாருக்காக உழைத்து அந்த அடுப்படி அப்படி ஆயிற்று என்பதும் சேர்த்தல்லவா அவருக்குத் தெரியும்!

கார்டு காலம் போய்விட்டது. கைபேசிக் காலம் இது. கோடை விடுமுறையிலே மாணவர்கள் பணம் கட்டி அயல்நாடு சென்று, ஒரு குடும்பத்தின் வீட்டிலே தங்கி, சில வாரம் தொண்டு செய்து திரும்பும் ஏற்பாடு இன்று பெரியதொரு வாணிபமாகவே வளர்ந்திருக்கிறது. விளம்பரத்திலே மாணவர் சிரிக்கிறார். சுற்றிலும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சோறு போடும் அம்மாளின் படத்தை மட்டும் நாம் தேடிப் பார்க்கவேண்டியிருக்கிறது.

அந்த அம்மாளைப் பற்றித்தான் நமக்குப் பேச்சு. வீட்டில் உள்ள ஒரே நல்ல அறையை ஒழித்துத் தருகிறவள் அவள். வந்த பிள்ளையின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ள வேண்டுமே என்று தண்ணீரைக் காய்ச்சி ஆறவைப்பவள் அவள். காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் கண்விழிப்பவளும் அவளே. தண்ணீருக்கு என்ன சொல், உப்புக்கு என்ன சொல் என்று அவள் வீட்டுச் சிறுவன் கற்றுக்கொடுக்கிறான். அமைதிப் படையினரையே எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக் காலமாகிய ஏறக்குறைய மூன்று மாதம் அவர்கள் ஒரு குடும்பத்தோடு தங்கித்தான் பேச்சும் பழக்கமும் கற்கிறார்கள். தொண்டு செய்ய வந்தவருக்கு முதல் தொண்டு அந்த வீட்டிலே நடக்கிறது. ஆயினும் 'தொண்டர்' என்ற பெயர் விருந்தாளிக்கு! அம்மாளுக்கு ஒரு பெயருமில்லை.

இன்னொன்றும் கேட்போம். வந்த மாணவர் பள்ளிக்குச் சுவர் கட்டுகிறார். கரணையை முந்தாநாள்தான் கையில் பிடித்தவர். அதே ஊரிலே முப்பது ஆண்டு சுவர் கட்டிய கொத்தனார் வேலையின்றி மரத்தடியிலே அமர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தால், அங்கே கட்டப்படுவது யாருடைய சுவர்? வந்துபோகும் விமானக் கட்டணத்திலே அந்தக் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் எத்தனை நாள் கூலி கொடுத்திருக்கலாம்? தொழிலாளத் தோழர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

இதை முகத்துக்கு நேரே கேட்ட ஒருவர் உண்டு. வியன்னாவில் பிறந்து, மெக்சிகோவிலே குவெர்னவாக்கா நகரில் கல்வி நிலையம் நடத்திய இவான் இல்லிச். 1968 ஏப்ரல் 20 அன்று, மெக்சிகோ கிராமங்களுக்குக் கோடைத் தொண்டு புரியப் புறப்பட்ட அமெரிக்க மாணவர்களின் மாநாட்டிலே அவரைப் பேச அழைத்தார்கள். வாழ்த்துவார் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவரோ, பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், மலையேற வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்றார். உங்களைப் பிடிக்காதவர் உங்கள் மொழியிலேயே 'போய்த் தொலை' என்று சொல்லக்கூடிய இடத்திலே போய் உதவுங்கள் என்பது அவர் வாதம். கடுமையான பேச்சு. முழுவதையும் நாம் ஏற்கவில்லை. போகாமலே இருந்துவிட்டால் கண் எப்படித் திறக்கும்? ஆனால் அவர் அஞ்சியது வீண் அச்சமல்ல.

கம்போடியாவைப் பாருங்கள். 2005-லிருந்து ஐந்தாறு ஆண்டுக்குள் அங்கே அநாதை விடுதிகள் முக்கால் பங்கு பெருகின. போரா? இல்லை. கொள்ளைநோயா? இல்லை. அன்பு செலுத்த அயல்நாட்டார் வந்து குவிந்தார்கள். அவர்களோடு பணமும் வந்தது. விடுதியிலிருந்த பிள்ளைகளில் நான்கில் மூவருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள் என்று ஐ.நா. குழந்தைகள் நிதியம் 2011-ல் எடுத்துக்காட்டிற்று. ஏழைத் தாயின் மடியிலிருந்த பிள்ளையை 'அநாதை'யாக்கிக் காட்சிக்கு வைத்தார்கள், தோழர்களே! இரண்டு வாரம் கொஞ்சிவிட்டு விமானமேறியவருக்கு அது இனிய நினைவு. வாரந்தோறும் புதுப்புது முகத்தோடு ஒட்டி ஒட்டிப் பிரிந்த பிள்ளைக்கு?

வேறு வழியே இல்லையா என்றால், இருந்தது. கனடா நாட்டிலே ழாக் ஏபேர் என்ற எழுத்தாளர் 1971-ல் 'கனடா உலக இளைஞர்' என்றோர் அமைப்பைத் துவக்கினார். பிடிவாதக்காரர். 1986-ல், நாட்டுக்குள்ளேயே இளைஞர் தொண்டுக்காக அவர் முன்னின்று அமைத்திருந்த 'கட்டிமாவிக்' திட்டத்தை அரசு நிறுத்தியபோது, செனட் உறுப்பினராயிருந்தும் அறுபத்திரண்டு வயதிலே இருபத்தொரு நாள் உண்ணாவிரதம் கிடந்தவர்!

அவர் அமைத்த ஏற்பாட்டிலே கனடியர் மட்டும் போகவில்லை. ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்தும் இளைஞர்கள் வந்தார்கள். கனடியர் ஒருவர், அயல்நாட்டார் ஒருவர் என இருவரை இணைத்து ஒரே வீட்டிலே தங்கவைத்தார்கள். பாதிக் காலம் கனடாவில் ஒரு குடும்பத்தோடு. மறுபாதி அந்த அயல்நாட்டிலே ஒரு குடும்பத்தோடு. இரண்டு இடத்திலும் இருவருக்கும் வேலை. கனடியச் சிற்றூரிலே பனியிலும் குளிரிலும் தடுமாறிய ஆப்பிரிக்க இளைஞன், சில மாதம் கழித்துத் தன் நாட்டிலே அதே கனடியன் வெயிலில் தடுமாறுவதைப் பார்த்தான். கனடிய வீட்டு அம்மாளும் யாரோ ஓர் அயல்நாட்டுப் பிள்ளைக்காகச் சமையலை மாற்றினாள். அவன் காய்ச்சலுக்குக் கவலைப்பட்டாள்.

அவள் வீட்டு அடுப்படியைப் பற்றி அவனும் தன் தாய்க்கு ஒரு கார்டு எழுதலாம் அல்லவா?