டொக்... டொக்... டிஸ்க்!

பி.காம். முதல் வருஷம் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த பாடம், டபுள் என்ட்ரி. எதை எழுதினாலும் இரண்டு இடத்தில் எழுது! அதை மூன்று வருஷம் உருப்போட்டு பாஸும் ஆனவன் அடியேன். ஆனால், சொந்த வீட்டுக் கணக்கில் கோட்டை விட்டேன்.

அப்பா கூட்டுறவு சங்கத்தில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். கடைசி வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை ஈஸிசேரில் உட்கார வைத்து, பழைய கதைகளைப் பேசச் சொல்லி, செல்போனில் பதிவு செய்தேன். மொத்தம் ஒன்பது பதிவுகள். அவர் போன பிறகு, போனில் இடம் பத்தவில்லை என்று எல்லாவற்றையும் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் ஏற்றிவிட்டு, போனில் இருந்ததை அழித்தேன். யாராவது கேட்டால், 'பேக்கப் எடுத்து வெச்சிருக்கேன்' என்று பெருமை வேறு!

போன மாதம் ஒரு ராத்திரி. ஓடிக்கொண்டிருந்த டிஸ்க்கின் வயர் என் காலில் மாட்டியது. மேசைக்கும் தரைக்கும் மூன்றடிகூட இருக்காது. 'டப்!' எடுத்து மறுபடி செருகினேன். 'டொக்... டொக்...' சுவர்ப் பல்லி மாதிரி சத்தம். பலன் பார்க்கப் பஞ்சாங்கம் தேவைப்படவில்லை.

வயரை மாற்றிப் பார்த்தேன். வேறு கம்ப்யூட்டரில் செருகினேன். அதுவரைக்கும் சரி. அப்புறம் ஆசை விடவில்லை. செருகு, பிடுங்கு, மறுபடி செருகு... ஒரு பத்து தடவை. திரையில் 'இந்த டிஸ்க்கை ஃபார்மெட் செய்யட்டுமா?' என்று பவ்யமாக ஒரு கேள்வி.

"ஓ.கே. குடுங்க மாமா. சரியாயிடும்" என்றான் மச்சான்.

நல்லவேளை, கை நடுங்கியதில் மவுஸ் 'நோ'வில் அமுங்கியது! உடனே மச்சான் அடுத்த வைத்தியம் சொன்னான். "கவர்ல சுத்தி ஃப்ரீசர்ல வைங்க. ஃப்ரெண்டு ஒருத்தன் பண்ணிருக்கான்." வைத்தேன் சார், வைத்தேன்! இரண்டே நிமிஷத்தில் மனைவியின் குரல். "ஐஸ் டிரே பக்கத்துல இதை யாரு வெச்சது?"

அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. படுக்கப் போகும்போது மெதுவாகக் கேட்டார். "அப்பா குரலும் அதுலதானே இருக்கு?"

மறுநாள் ஆபீசுக்கு லீவ். நேரே ரிச்சி தெரு. மாடியில் ஒரு சின்னக் கடை. என்னைவிட இளைய பையன், டிஸ்க்கைக் காதருகில் வைத்து டாக்டர் மாதிரி கேட்டான்.

"விழுந்த பிறகு எத்தனை தடவை சொருகினீங்க சார்?"

"ஒரு... பத்து."

"ஃப்ரீசர்?"

தலை குனிந்தேன்.

அவன் விளக்கியதன் சுருக்கம் இது. உள்ளே கண்ணாடி மாதிரித் தட்டு, நிமிஷத்துக்கு 5,400 சுற்று. அதாவது, விநாடிக்கு 90! அதற்கு மேலே படிக்கிற 'ஹெட்' தொடாமல் மிதக்கிறது. நடுவே உள்ள இடைவெளி, தலைமுடியின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. டிஸ்க் விழுந்தால் ஹெட் தட்டில் மோதும். அப்புறம் படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயற்சி செய்வதுதான் அந்த 'டொக் டொக்'. ஒவ்வொரு முறை செருகும்போதும் கீறல் கூடலாம். ஃப்ரீசரில் வைத்தாலோ, வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் கோக்கும். ஃபார்மெட் கொடுத்தால், எது எங்கே இருக்கிறது என்கிற அட்டவணையே போய்விடும். 'ரிப்பேர்' செய்கிற புரோகிராம்களும் வேண்டாம். அவை நோயாளி டிஸ்க்கின் மேலேயே எழுதும்.

"சத்தம் வந்தா பிடுங்கி வெச்சிடணும் சார். அதுதான் முதலுதவி. முழுக்க 'டொக் டொக்'னே இருந்தா, தூசியில்லாத லேப்லதான் திறக்கணும். உங்களது நடுநடுவுலதான் அடிக்குது. ஹெட்டுக்கு உயிர் இருக்கு."

அவன் டிஸ்க்கை ரிப்பேர் செய்யவே இல்லை. டி.டி.ரெஸ்க்யூ என்கிற இலவச புரோகிராமை ஓட்டினான். நன்றாகப் படிக்க முடிகிற இடங்களையெல்லாம் அது முதலில் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்துவிடும். அடம் பிடிக்கும் இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு கடைசியில் திரும்பி வரும். பரீட்சையில் தெரிந்த கேள்வியை முதலில் எழுதுகிற அதே தந்திரம்! பிறகு அந்த நகலில், ஃபோட்டோரெக் என்கிற இன்னொரு இலவச புரோகிராம், ஃபைல்களைத் தலைப்பு அடையாளம் பார்த்துப் பொறுக்கும்.

என் முகத்தைப் பார்த்துத் தைரியமும் சொன்னான். 2003 பிப்ரவரியில் கொலம்பியா விண்கலம் சிதறியபோது, அதிலிருந்த 340 மெகாபைட் டிஸ்க் ஒன்று கருகிப்போய்த் தரையில் கிடைத்ததாம். பாதிதான் நிரம்பியிருந்தது. பழைய டாஸ் சிஸ்டம், தகவலை அங்குமிங்கும் இறைக்காமல் சேர்த்து எழுதி வைத்திருந்தது. அடிபட்டதெல்லாம் காலி இடம். 99 சதவீதம் மீண்டுவிட்டது.

ஆகாயத்திலிருந்து விழுந்தது பிழைத்தது. மேசையிலிருந்து விழுந்தது பிழைக்குமா? மூன்று நாள் தூக்கமில்லை.

போன் வந்தது. ஓடினேன். ஃபைல்களின் பெயரெல்லாம் போய் வெறும் நம்பர்கள். ஒவ்வொன்றாகத் திறந்தோம். எட்டுப் பதிவுகள் முழுசாக. ஒன்பதாவது பாதியில் நின்றுவிட்டது. அந்த இடம் கீறல்.

அன்று ராத்திரி அம்மாவுக்கு அந்த ஒன்பதாவதையும் போட்டுக் காட்டினேன். அப்பா பெண் பார்க்க வந்த கதை. "அன்னிக்கு உங்கம்மா காபி கொண்டு வந்தா பாரு... அதுல..." டக்கென்று நின்றது.

நான் "அவ்வளவுதாம்மா" என்று இழுத்தேன்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அதுல சர்க்கரையே போடலைடா. பதட்டத்துல மறந்துட்டேன். மனுஷன் ஒரு வார்த்தை சொல்லாம குடிச்சிட்டு, 'காபி பிரமாதம்'னார்."

"இரும்மா!" என்று செல்போனை எடுத்தேன். "முதல்லேருந்து சொல்லு."

இப்போது பத்துப் பதிவுகள். போனில் ஒன்று, புது டிஸ்க்கில் ஒன்று, மதுரையில் தங்கை வீட்டில் ஒன்று. டபுள் என்ட்ரி இல்லை சார்... ட்ரிபிள்!