இத்தாலிய மொழியில் உயிரொலிகளின் சேர்க்கையும் பிரிவும்

தமிழில் இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து வரின் அவை அவ்வாறே நிற்பதில்லை. மணி, அடித்தான் என்னும் சொற்கள் புணருங்கால் இடையே யகரம் தோன்றி ‘மணியடித்தான்’ என்றாகின்றது. இவ்வுடம்படுமெய் நம் நாவில் ஊறிய பழக்கம். இத்தாலிய மொழியைப் பயிலப் புகும்போது அப்பழக்கமே நமக்கு இடையூறாகின்றது. அம்மொழியில் உயிர்கள் அருகருகே வருதல் இயல்பு. அவை சில சொற்களில் கலந்து ஓரசையாகும். சில சொற்களில் பிரிந்து ஈரசையாக நிற்கும்.

இத்தாலிய மொழியின் உயிரெழுத்துகள் அ, எ, இ, ஒ, உ என ஐந்து. அவற்றுள் அ, எ, ஒ ஆகிய மூன்றும் வன்மையுடையன. இ, உ ஆகிய இரண்டும் மென்மையுடையன. இப்பாகுபாட்டைக் கொண்டு மூன்று விதிகளை நாம் வகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, வன்மையுடைய இரண்டு உயிர்கள் சேர்ந்து வரின் அவை பிரிந்தே ஒலிக்கும். நாடு என்னும் பொருளுடைய சொல் ப-ஏ-ஸே என மூன்றசை பெறும். சிங்கத்தைக் குறிப்பது லெ-ஓ-னே.

இரண்டாவது, அழுத்தம் பெறாத இகரமோ உகரமோ வேறோர் உயிரை அடுத்து வரின் பெரும்பாலும் அதனோடு கலக்கும். பூவைக் குறிக்கும் ஃப்யோ-ரே ஈரசைச் சொல்லே. பிறகு எனப் பொருள்படும் சொல் நம் ‘பொய்’ போல ஓரசையாக ஒலிக்கும்.

மூன்றாவது, அந்த இகரமோ உகரமோ அழுத்தம் பெற்றால் பிரிந்து நிற்கும். வழியைக் குறிக்கும் வீ-ஆ இதற்குச் சான்று.

அகரமும் உகரமும் அதே வரிசையில் வரும் இரு சொற்களை ஒப்பிட்டால் இது தெளிவாகும். காரணத்தைக் குறிக்கும் கௌ-ஸா என்பதில் அழுத்தம் அகரத்தின் மேல் விழுதலால் இரண்டும் கலந்தன. அச்சத்தைக் குறிக்கும் ப-ஊ-ரா என்பதில் அழுத்தம் உகரத்தின் மேல் விழுதலால் பிரிந்தன. சில இடங்களில் பொருளே வேறுபடும். ஒரே எழுத்துகளால் ஆன ஒரு சொல்லைப் பா-ல்யா என்றால் செவிலித்தாய். ப-லீ-ஆ என்றால் அதிகாரம். இத்தாலிய எழுத்துமுறை சொல்லிறுதியில் விழும் அழுத்தத்தையே கட்டாயமாகக் குறிக்கும். இடையில் விழுவதைப் பெரும்பாலும் குறிப்பதில்லை. ஆதலின் கண்ணால் மட்டும் கற்பவர் இவ்விடத்தில் தவறுவர்.

எழுத்தில் இருந்தும் ஒலியாத இகரமும் உண்டு. பிரான்சு நாட்டின் பெயர் ஃப்ரான்-சா என்றே ஒலிக்கும். அங்கு இகரம் முன்னுள்ள மெய்யின் ஒலியைக் காட்டும் குறி மட்டுமே. மருந்தகத்தைக் குறிக்கும் ஃபார்-ம-ச்சீ-ஆ என்பதிலோ அழுத்தம் அதன் மேல் விழுதலால் இகரம் முழுமையாக ஒலிக்கின்றது.

நம் மாணவரிடம் இருவகைப் பிழைகளை எதிர்பார்க்கலாம். ப-ஏ-ஸே என்பதனுள் யகரத்தை நுழைத்துப் ‘பயேஸே’ என்பது ஒன்று. ஃப்யோ-ரே என்பதனை ‘ஃபி-யோ-ரே’ என மூன்றசையாக நீட்டுவது மற்றொன்று. இரண்டும் தமிழின் ஒலியியல்பால் விளைவன, அறியாமையால் அல்ல. எனவே புதுச்சொல் ஒன்றைக் கற்பிக்கும்போது, அழுத்தம் எங்கே விழுகின்றது என்பதை முதலிற் காட்டி, அசைதோறும் கைதட்டி எண்ணச் செய்வோமாயின் செவி விரைவில் பழகும். தன் மொழியின் இயல்பை உணர்ந்தவரே பிறமொழியின் இயல்பைப் பிழையின்றிப் பற்ற வல்லவர்.