வீட்டில் பீர்: கொதித்த சாற்றை ஆறவைப்பதில்தான் சூட்சுமம்

வீட்டிலேயே பீர் தயாரித்துப் பார்க்கும் ஆர்வம் சிங்கப்பூரில் சிலருக்கு உண்டு. முளைகட்டிய பார்லியின் சாற்றை ஹாப்ஸ் பூவுடன் ஒரு மணி நேரம் கொதிக்க வைப்பதுவரை பெரிய சிக்கல் இல்லை. அதை ஆறவைக்கும்போதுதான் பலரது உழைப்பு வீணாகிறது.

‘வோர்ட்’ எனப்படும் இந்தச் சாறு இனிப்பானது. கொதிநிலையில் கிருமிகள் மடிந்துவிடும். ஆனால் சூடு 60 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கியதும் புதிய கிருமிகள் புகுந்து பெருகலாம். அதற்குள் ஈஸ்ட்டைச் சேர்க்கவும் வழியில்லை. சூட்டில் அது செத்துவிடும். வழக்கமான ‘ஏல்’ வகை ஈஸ்ட்டுக்கு 20 டிகிரி அளவே உகந்தது. சாறு மெதுவாக ஆறினால், வேகவைத்த சோளத்தின் வாடையும் அதில் தங்கிவிடக்கூடும்.

குளிர்நாடுகளில் குழாய் நீரே சாற்றை ஆற்றிவிடும். இங்கோ குழாய் நீரே 28 டிகிரியை ஒட்டி இருக்கிறது. எனவே இரண்டு கட்டமாக ஆறவைப்பதே சிக்கனமான வழி.

முதல் கட்டம்

அடுப்பை அணைத்ததும் பானையை மூடி, தண்ணீர் நிரம்பிய பெரிய தொட்டியில் வைக்க வேண்டும். தொட்டி நீர் சூடேறியதும் மாற்ற வேண்டும். செப்புக் குழாய்ச் சுருள் இருந்தால், கொதி முடிவதற்கு 15 நிமிடம் முன்பே அதைச் சாற்றுக்குள் இறக்கிவிடலாம், கொதியிலேயே சுத்தமாகிவிடும். பிறகு அதனுள் குழாய் நீரை ஓடவிட்டால் சாறு விரைவாக ஆறும்.

இரண்டாம் கட்டம்

சாறு 40 டிகிரிக்கு வந்த பிறகே தொட்டியில் ஐஸ் போட வேண்டும். கணக்கு எளிது: 10 லிட்டர் சாற்றை 100 டிகிரியிலிருந்து நேராக 20 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 8 கிலோ ஐஸ் தேவை. 40 டிகிரியிலிருந்து என்றால் 2 கிலோ போதும். தொட்டி நீரையும் குளிர்விக்க வேண்டியிருப்பதால், நடைமுறையில் சற்றுக் கூடுதலாகவே செலவாகும்.

கடையில் வாங்கிய ஐஸைச் சாற்றுக்குள் நேரடியாகப் போடக்கூடாது. அதன் வழியாகவும் கிருமி புகும். கொதிக்கும் சாற்றைக் கண்ணாடிக் கலனில் ஊற்றினால் கலன் வெடித்து, ஊற்றுபவர் மேல் கொட்டிவிடும். ஆறிய சாற்றைத் தொடும் கரண்டி, குழாய், கலன் அனைத்தும் கிருமி நீக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஆறவைத்ததோடு வேலை முடியாது. நொதிக்கும் நாள்களிலும் கலனைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டும். அந்த வசதி இல்லாதவர்களுக்கு நார்வேயின் ‘க்வெய்க்’ ஈஸ்ட் கைகொடுக்கும். அது 30 டிகிரிக்கு மேலும் நன்றாக வேலை செய்யும்.

சட்டத்தையும் மறக்கக்கூடாது. சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர்கள் சொந்தப் பயன்பாட்டிற்கு, குடும்பத்திற்கு மாதம் 30 லிட்டர் வரை தயாரிக்கலாம். விற்பதற்கும் காய்ச்சி வடிப்பதற்கும் அனுமதி இல்லை. மலேசியாவில் 1976ஆம் ஆண்டின் கலால் சட்டப்படி, மது தயாரிக்க உரிமம் தேவை.