பி.எட். சேருவதற்கு முன்னால்

முதலில் டீயைக் குடிம்மா. விண்ணப்பத்தை அப்புறம் நிரப்பலாம். பி.எட். சேரலாமா என்று கேட்கிறாய். தாராளமாகச் சேரலாம். அந்தப் படிப்பு எதைத் தரும், எதைத் தராது என்று தெரிந்துகொண்டு சேர், அவ்வளவுதான்.

நீ கணிதத்தில் பட்டம் வாங்கியவள், ஆகவே உனக்கு பி.எட்.தான் வழி. பிளஸ் டூ முடித்ததும் படிக்கிற டி.எல்.எட். தொடக்கப் பள்ளிக்கானது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, பி.எட்.டை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்று முதல் ஐந்து வரை பாடம் நடத்தும் வேலைக்குப் போக முடியாது. முன்பெல்லாம் பி.எட். ஒரே வருஷம். 2015இலிருந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. "இன்னும் ரெண்டு வருஷமா?" என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும், அந்த இரண்டாவது வருஷத்தில்தான் விஷயமே இருக்கிறது.

அதற்கு முன் எல்லாரும் குழம்புகிற இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பி.எட். ஒரு தகுதி, டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு இன்னொரு தகுதி. இரண்டையும் முடித்தாலும் அரசு வேலை வந்துவிடாது. ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு நீ டெட் இரண்டாம் தாள் எழுத வேண்டும். 150 கேள்விகள், பொதுப் பிரிவினருக்கு 90 மதிப்பெண் தேவை. தேறினால் அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். அதன் பிறகு பணி நியமனத்துக்கென்று ஆசிரியர் தேர்வு வாரியம் வேறொரு போட்டித் தேர்வு வைக்கும். அது எப்போது வரும் என்று காத்திருக்கிற வருஷங்களில் எத்தனையோ பேர் சொற்பச் சம்பளத்துக்குத் தனியார் பள்ளிகளில் வேலை பார்க்கிறார்கள். இதை மறைத்து உனக்கு ஆசை காட்ட எனக்கு மனசு வரவில்லை.

2012 ஜூலையில் தமிழ்நாட்டில் முதல் டெட் நடந்தபோது நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. 150 கேள்விகளுக்கு ஒன்றரை மணி நேரம்தான் கொடுத்திருந்தார்கள். அக்டோபரில் மறுதேர்வு வைத்தபோது மூன்று மணி நேரமாக்கினார்கள். ஆசிரியர்களுக்கே ஒன்றும் தெரியவில்லை என்று ஊரெல்லாம் பேசியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் ஆறவில்லை.

சரி, வகுப்பறைக்கு வருவோம். கல்லூரியில் முதலில் நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒன்று வரும். உன் தோழிகளே மாணவர்களாக உட்கார்ந்திருக்க, ஐந்தாறு நிமிஷத்துக்குள் ஒரே ஒரு திறனைச் செய்து காட்ட வேண்டும். கேள்வி கேட்பது, கரும்பலகையில் எழுதுவது, இப்படி. அதனால் கூச்சம் போகும், குரல் எழும். ஆனால் கேட்கிற கேள்விக்கெல்லாம் தோழிகள் சரியான பதிலையே சொல்லிவிடுவார்கள்.

இரண்டாம் வருஷம் பதினாறு வாரம் பள்ளிக்கு அனுப்புவார்கள். அங்கே பிள்ளைகள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பின்னம் நடத்துகிறாய் என்று வைத்துக்கொள். 1/3, 1/4 இரண்டில் எது பெரியது என்று ஆறாம் வகுப்பில் கேட்டுப் பார். "1/4 தான் மிஸ்" என்று பாதி வகுப்பு சொல்லும். மூன்றைவிட நான்கு பெரியது, அதனால் அதுவே பெரியது என்பது அவர்கள் கணக்கு. பாடக்குறிப்பில் அடுத்த வரி 'மாணவர்கள் சரியாக விடையளித்தனர்' என்று இருக்கும். பின் பெஞ்சில் வழிகாட்டி ஆசிரியர் உட்கார்ந்திருப்பார். பெரும்பாலான பயிற்சி ஆசிரியர்கள் இந்த இடத்தில் விடையைத் தாங்களே சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார்கள்.

நீ போகாதே. "ஏன் அப்படி நினைக்கிறே?" என்று அந்தப் பிள்ளையிடமே கேள். ஒரே நீளத்தில் இரண்டு தாள் பட்டை கொடு. ஒன்றை மூன்றாக, இன்னொன்றை நான்காகச் சமமாக மடிக்கச் சொல். மூன்றாக மடிப்பதற்குள் திண்டாடிப் போவார்கள், திண்டாடட்டும். இரண்டிலும் ஒவ்வொரு துண்டைக் கிழித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும், நீ வாயைத் திறக்காமலே விடை வந்துவிடும். அன்றைக்குப் பாடம் முடியாது. முடியாவிட்டால் என்ன? தாளில் பங்குகளின் எண்ணிக்கை கூடக் கூடத் துண்டு சிறுக்கிறது என்று கையால் கண்ட பிள்ளை அதை மறக்காது.

இதற்கெல்லாம் எதிரி ரெக்கார்டு வேலை. பாடக்குறிப்பு, சார்ட், சாதனைத் தேர்வு, தனியாள் ஆய்வு என்று ராத்திரி முழுக்க எழுத வைப்பார்கள். கமிஷன் என்கிற செய்முறைத் தேர்வுக்கு வருகிறவர்களும் முதலில் புரட்டிப் பார்ப்பது அந்த நோட்டுகளைத்தான். எழுதத்தான் வேண்டும், மதிப்பெண் இருக்கிறது. ஆனால் சீனியர் நோட்டைப் பார்த்துக் காப்பி அடிக்காமல், அன்றைக்கு எந்தப் பிள்ளை எங்கே தடுக்கியது என்று ஒரு வரியாவது சேர்த்து எழுது. பின்னாளில் வகுப்புக்குப் போகும்போது உனக்குக் கைகொடுப்பது அந்த வரிதான்.

ஆகவே நாளைக்குக் கல்லூரிக்குப் போனால் கட்டணத்தை மட்டும் விசாரித்துவிட்டு வந்துவிடாதே. பதினாறு வாரத்துக்கு எந்தப் பள்ளிக்கு அனுப்புவார்கள், வாரத்தில் எத்தனை பீரியட் நீயே நடத்தலாம், வழிகாட்டி ஆசிரியர் வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பாரா, கையெழுத்து மட்டும் போடுவாரா என்று கேள். இப்போது அங்கே இரண்டாம் வருஷம் படிக்கிற பிள்ளைகள் வாசலில் நிற்பார்கள். அவர்களிடமும் இதையே கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு பண்ணு.