சொற்குருடு என்னும் பெயர்

இன்று டிஸ்லெக்சியா எனப்படும் படித்தற் குறையை, 1896-இல் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கில மருத்துவர் 'பிறவிச் சொற்குருடு' என்றார். அவர் கண்ட 14 வயதுச் சிறுவன் 749-ஐ 867-ஆற் பெருக்கி விரைவில் சரியான விடை கண்டான். தன் பெயரையோ எழுத்து மாற்றி எழுதினான். கண்ணே குறையுடையதாயின் எண்குறிகளும் மயங்கியிருத்தல் வேண்டுமன்றோ? ஆயினும் 'குருடு' என்ற சொல் பரவிற்று. எழுத்துகள் தலைகீழாகத் தோன்றுவதே இக்குறை என்னும் பொதுமக்கள் கருத்து அதனால் வலுப்பெற்றது எனலாம். சொல்லின் ஒலிகளைப் பகுத்தறிந்து எழுத்தோடு பொருத்துவதிலேயே இடர்ப்பாடு பெரிதும் உளது என்பது பிற்கால ஆய்வாளர் முடிபு. அறிவுக் குறைவென்பதும் பிழையே. பாடமெல்லாம் வாய்மொழியாயின் பள்ளியில் அவனே முதல்வனாவான் என்று, அச்சிறுவனுக்குச் சில ஆண்டுகள் கற்பித்த ஆசிரியர் அன்றே கூறியிருந்தார்.