உஷார்! பீரோவில் தூங்கும் பேக்கப் டேப்பை நம்பி இருக்காதீர்கள்

நாகல் நகரில் ஜவுளிக் கடை வைத்திருப்பவர்களே, வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில் நடத்துகிறவர்களே! பழைய கணக்கெல்லாம் டேப்பில் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தால், இன்றைக்கே பீரோவைத் திறந்து பாருங்கள். டேப்பின் மேல் என்ன எழுதியிருக்கிறது? டாட் 72 என்றா, டிஎல்டி என்றா, எல்டிஓ என்றா? எல்டிஓ என்றால் எத்தனையாவது தலைமுறை? அதைப் படிக்கிற டிரைவ் ஓடுகிற நிலையில் எங்கேயாவது இருக்கிறதா? இல்லையென்றால் உங்களிடம் பேக்கப்பே இல்லை.

கம்பெனியாகப் பதிவான மில், கணக்குப் புத்தகங்களை 8 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம். ஜிஎஸ்டி பதிவேடுகளுக்கு, ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். டேப் 30 ஆண்டு தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். நல்ல அறையில் வைத்தால் தாங்கக்கூடும். டிரைவ் அத்தனை காலம் தாங்காது. ஆபத்து அங்கேதான்.

டாட் வகை டிரைவ்கள் ஒரு காலத்தில் சின்ன ஆபீஸ்களுக்கென்றே விற்றவை. மெல்லிய நாடாவின் மேல் சுழலும் ஹெட் சாய்வாக எழுதும். ஹெட் கொஞ்சம் விலகினாலும், ஒரு டிரைவில் எழுதிய டேப்பை இன்னொரு டிரைவ் படிக்க மறுத்துவிடும். டிஎல்டி அதைவிட உறுதியானது. ஆனாலும் சந்தையை விட்டுப் போய்விட்டது. 2000-ல் ஐபிஎம், ஹெச்பி, சீகேட் மூன்றும் சேர்ந்து கொண்டுவந்த எல்டிஓ இன்று ஏறக்குறைய தனியாக நிற்கிறது. வாங்குவதென்றால் அதைத்தான் வாங்க வேண்டும்.

ஆனால் எல்டிஓவிலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். ஏழாம் தலைமுறை வரை, ஒரு டிரைவ் தனக்கு முந்திய இரண்டு தலைமுறை டேப்பைப் படித்தது. எட்டிலிருந்து அந்த வசதி போய்விட்டது. எல்டிஓ 8 டிரைவ் 7-ஐயும் 8-ஐயும் மட்டுமே தொடும். 2016-ல் எல்டிஓ 6-ல் எழுதி வைத்தவர் இன்று 8 டிரைவ் வாங்கினால் பழைய டேப் அவருக்குப் பயன்படாது. 2025-ல் வந்த எல்டிஓ 10 இன்னும் மோசம். தன் தலைமுறை தவிர எதையும் படிக்காது, 9-ஐக்கூட. புது மாடல் பழையதையும் படிக்கும் என்று யாராவது சொன்னால், எந்தத் தலைமுறை வரை என்று எழுதி வாங்குங்கள்.

அட்டையில் அச்சிட்ட கொள்ளளவையும் நம்பாதீர்கள். எல்டிஓ 9-ல் 45 டெராபைட் என்று போட்டிருக்கும். உண்மையில் கொள்வது 18. தரவை இரண்டரை மடங்கு சுருக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டு எழுதிய எண் அது. டாட் 72-ன் பெயரிலேயே இந்த வேலை நடந்திருக்கிறது, உள்ளே 36 ஜிபிதான். ஸ்கேன் செய்த பில்களும், சேலை டிசைன் படங்களும், சிசிடிவி பதிவுகளும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. அவை மேலும் சுருங்காது. டேப் பாதியில் நிறைந்து, மாற்று டேப் கேட்டபடி இரவு முழுக்க டிரைவ் காத்திருக்கும்.

இவ்வளவு தொல்லை இருந்தும் டேப்பை நான் விடச் சொல்லவில்லை. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸில் ரேன்சம்வேர் புகுந்து 5 சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவைப் பூட்டியது. புறநோயாளிச் சீட்டை நாள்கணக்கில் கையால் எழுதினார்கள். பாதிக்கப்படாமல் தப்பிய ஒரு பேக்கப் சர்வரிலிருந்துதான் தரவு மீண்டது. 2011-ல் ஒரு மென்பொருள் பிழையால் சில பயனர்களின் மெயில்கள் அழிந்தபோது, கூகுள் அவற்றை டேப்பிலிருந்துதான் திருப்பிக் கொடுத்தது. டிரைவிலிருந்து எடுத்துப் பீரோவில் வைத்த டேப்பை எந்த வைரஸும் தொட முடியாது.

நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை. மில்லுக்குள் பறக்கும் பஞ்சுத் தூசி டேப் டிரைவுக்கு எமன். டிரைவை உற்பத்திக் கூடத்தை ஒட்டிய ஆபீஸில் வைக்காதீர்கள். குளிர்ந்த, தூசியில்லாத அறை வேண்டும். கிளீனிங் கார்ட்ரிட்ஜ் போடச் சொல்லி டிரைவ் கேட்டால் தள்ளிப்போடாதீர்கள்.

கணக்கு மொத்தமே சில ஜிபிதான் என்கிற கடைகளுக்குச் சில லட்சம் ரூபாய் டிரைவ் தேவையே இல்லை. இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க்கை மாற்றி மாற்றி எழுதி, ஒன்றை எப்போதும் வேறு வீட்டில் கழற்றி வைத்தால் போதும். செகண்ட் ஹேண்ட் எல்டிஓ டிரைவ் மலிவாக வருகிறதென்று ஓடாதீர்கள். அதற்கு எஸ்ஏஎஸ் கார்டு வேண்டும். சாதாரணக் கம்ப்யூட்டரில் அது இருக்காது.

பழைய டாட், டிஎல்டி டேப் வைத்திருப்பவர்கள் இந்த மாதமே ஓடுகிற டிரைவ் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். எந்த மென்பொருளில் எழுதினீர்கள், பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்பதையும் விசாரியுங்கள். அது தெரிந்த ஆள் வேலையை விட்டுப் போயிருக்கலாம். ஒரு வருடத்துக் கணக்கை வேறு கம்ப்யூட்டரில் இறக்கி, மார்ச் 31 இருப்பு உங்கள் ஆடிட்டரின் தாளோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போன பிறகு மற்ற டேப்களையும் புதிய இடத்துக்கு மாற்றுங்கள்.